ஈறு தெரியும் சிரிப்பு: சொல்லும் காரணமும் சிகிச்சையும்

மார்சிலிங்கில் நாம் குடியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலை வேளைகளில் அண்டை வீட்டார் அமர்ந்து பேசுவது வழக்கம். ஒருநாள் அங்கு வந்த தாய் ஒருவர், ஒரு துண்டறிக்கையை நம்மிடம் நீட்டி, "ஐயா, இது தமிழில்தான் இருக்கிறது, ஆனால் எனக்குப் புரியவில்லை" என்றார். உயர்நிலை மூன்றில் படிக்கும் தம் மகளுக்கு ஒரு தனியார் மருந்தகத்தில் அதனைக் கொடுத்தார்களாம். அறிக்கையின் தலைப்பு 'பிசின் சிரிப்பு' என்றிருந்தது. மகளின் வாயில் ஏதோ ஒட்டும் பொருள் சுரக்கிறது போலும் என்று அத்தாய் அஞ்சியிருந்தார். ஈற்றுக்கும் பிசினுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குவதால் நேர்ந்த பிழை அது. சிரிக்கும்போது மேல் ஈறு மிகுதியாகத் தெரிவதைப் பற்றியே அறிக்கை பேசியது. ஈற்றை வெட்டிச் சீரமைப்பதும் இதழில் ஊசி போடுவதும் அதில் ஒருசேரப் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. அந்த மாணவியோ, சில மாதங்களாகக் கையால் வாயை மூடிக்கொண்டே பேசி வந்தாள்.

ஒரு சொல் பிழையாகப் பெயர்க்கப்பட்டால் வாசகர் சற்றே நகைத்துக் கடந்துவிடலாம். உடலைப் பற்றிய சொல் பிழைபட்டால், அதன் வழியே ஒரு குடும்பம் மீட்க இயலாத முடிவையும் எடுத்துவிடக்கூடும். ஆகவே இப்பொருளை முதலில் சொல்லாலும், பின்னர் உடற்கூற்றாலும், இறுதியாகச் சிகிச்சையாலும் விளக்க முற்படுகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர் கூறுவதை மாணவரும் ஆசிரியரும் தெளிவாகப் புரிந்துகொள்ளத் துணைசெய்வதே நம் நோக்கம்.

1. சொல்லின் சிக்கல்

சிரிப்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் நகை, முறுவல், மூரல் ஆகிய மூன்றும் கருதத்தக்கவை. இம்மூன்றற்கும் அகராதிகள் சிரிப்பு என்னும் பொருளோடு பல் என்னும் பொருளையும் தருகின்றன. தமிழர் சிரிப்பை நினைத்தபோது பல்லையே நினைத்தனர் என்பது இதனால் விளங்கும். பற்களுக்கு முத்தும் முல்லையரும்பும், இதழுக்குப் பவளமும் உவமையாயின. இவ்விரண்டற்கும் இடையில் உள்ள ஈற்றுக்கு அத்தகைய சிறப்பு வாய்க்கவில்லை. ஈறு தெரியச் சிரிப்பவரைப் பற்றிப் பேச்சுவழக்கில் உள்ள சொற்களோ இளித்தல், பல்லிளித்தல் என்பன போன்று இழிவுப் பொருள் தருவன. வகுப்பறையில் ஒரு பிள்ளையின் மேல் இச்சொற்கள் விழும்போது அவை எத்துணை ஆழமாகத் தைக்கும் என்பதை ஆசிரியர் அறிவர்.

'ஈறு' என்னும் சொல்லுக்கும் ஒரு சிக்கல் உண்டு. இலக்கணம் பயின்ற மாணவருக்கு ஈறு என்றால் சொல்லின் இறுதியே முதலில் நினைவுக்கு வரும். 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' என்பதைப் படியாதவர் உண்டோ? எனவே புதிய கலைச்சொல் ஆக்கும்போது புணர்ச்சி விதிப்படி 'ஈற்றுச் சிரிப்பு' என்று அமைத்தால், 'ஈற்றடி', 'ஈற்றயல்' ஆகியவற்றின் போக்கில் 'கடைசிச் சிரிப்பு' என்றே அது பொருள்படும். 'ஈறு தெரியும் சிரிப்பு' என்பது சற்று நீளமாயினும் மயக்கம் தாராது. ஆதலின் இக்கட்டுரையில் அதனையே கையாள்கிறோம்.

இடத்துக்கு இடம் சொல் மாறுவதையும் கருத வேண்டும். இலங்கைத் தமிழர் ஈற்றை 'முரசு' என்பர். தமிழகத்துப் பேச்சில் 'எகிறு' என்பதும் உண்டு. மலையாளத்தில் 'மோண', கன்னடத்தில் 'வசடு', தெலுங்கில் 'சிகுரு' எனச் சொல்வர். தெலுங்குச் சொல்லுக்குத் தளிர் என்னும் பொருளும் உண்டு. சிங்கப்பூரில் இவ்வழக்குகளுள் பலவும் ஒரே புளோக்கில் ஒலிக்கக் கேட்கலாம். "முரசு வீங்கியிருக்கிறது" என்று ஒரு மூதாட்டி கூற, இங்குப் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைக்கு முரசு என்னும் இசைக்கருவி மட்டுமே தெரிந்திருக்குமாயின், மருத்துவரிடம் செய்தி எவ்வாறு சென்று சேரும்?

2. எது இயல்பு?

சிரிக்கும்போது மேலிதழ் உயர்கிறது. மேற்பற்களும் ஓரளவு ஈறும் வெளித்தெரிகின்றன. 1 முதல் 2 மி.மீ. வரை ஈறு தெரிவது எவ்வாற்றானும் குறையன்று. பொதுவாக 3 அல்லது 4 மி.மீ. அளவுக்கு மேல் தெரியும்போதே பல் மருத்துவ நூல்கள் அதனை மிகுதி என்கின்றன. அப்போதும் அது நோய் எனக் கொள்ளப்படுவதில்லை. முகத்தோற்றத்தின் ஒரு வகையாகவே கொள்ளப்படுகிறது.

அமெரிக்காவில் 454 இளையோரின் சிரிப்பை ஆராய்ந்து 1984இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு மேற்பற்கள் முழுவதும் தெரிந்ததோடு ஈற்றின் ஒரு பட்டையும் தெரிந்தது. பத்தில் ஒருவருக்கு உள்ள இயல்பை அரிய குறை என்று கூறுதல் பொருந்தாது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது மிகுதி. வயது ஏற ஏற மேலிதழ் தளர்ந்து தாழ்வதால், இளமையில் தெரிந்த ஈறு முதுமையில் தானே மறைவதும் உண்டு.

பார்ப்பவர் கண்ணும் இதில் கருதத்தக்கது. 1999இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில், பல சிரிப்புப் படங்கள் பல் மருத்துவருக்கும் பொதுமக்களுக்கும் காட்டப்பட்டன. பற்சீரமைப்பு வல்லுநர் 2 மி.மீ. ஈறு தெரிந்தபோதே குறை கண்டனர்; பொதுமக்களோ 4 மி.மீ. வரை வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. வல்லுநரின் கண்ணுக்குத் தென்படுவது அனைத்தும் உலகத்தார் கண்ணுக்குத் தென்படுவதில்லை என்னும் இச்செய்தி, கண்ணாடி முன் நின்று வருந்தும் இளையோர்க்கு ஆறுதல் தரும்.

3. காரணங்கள்

ஈறு தெரிவதற்குக் காரணம் ஒன்றன்று. ஈறு, பல், இதழ், தாடை ஆகிய நான்கனுள் எதில் வேறுபாடு உள்ளது என்பதை அறிந்தபின்பே சிகிச்சை பற்றிப் பேச இயலும்.

முதலாவது, ஈறு வீங்கிப் பல்லின் மேற்பகுதியை மூடுதல். பல்லின் மேல் படியும் அழுக்குப் படலம் நீக்கப்படாதபோது ஈறு சிவந்து தடிக்கும். துலக்கும்போது குருதி கசியும். பற்களைச் சீராக்கும் கம்பி அணிந்தவர்க்குத் துலக்குதல் கடினமாதலின் இது எளிதில் நேரும். பூப்புப் பருவத்திலும் கருவுற்ற காலத்திலும் இயக்குநீர் மாற்றத்தால் வீக்கம் மிகுவதுண்டு. சில மருந்துகளும் ஈற்றை வளரச் செய்யும். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் 1938இல் வழக்குக்கு வந்தது. அடுத்த ஆண்டிலேயே ஈறு வளர்தல் பற்றிய குறிப்பு மருத்துவ இதழில் வெளியாயிற்று. உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின், உயர் குருதியழுத்தத்திற்கான நிஃபெடிப்பின், அம்லோடிப்பின் ஆகியனவும் அத்தகையன. இதனைப் படிப்போர் எவரும் அம்மருந்துகளைத் தாமாக நிறுத்திவிடலாகாது. வலிப்பும் குருதியழுத்தமும் ஈற்று வீக்கத்தைவிடப் பன்மடங்கு கேடு பயப்பன. மருந்தை மாற்ற இயலுமா என்பதை, அதனை எழுதிக் கொடுத்த மருத்துவரே கூறவேண்டும்.

இரண்டாவது, ஈறு உரிய இடத்துக்குப் பின்வாங்காமை. பல் முளைத்து வெளிவந்தபின், ஈறு சிறிது சிறிதாகப் பின்வாங்கி, பற்சிப்பி முடியும் எல்லைக்கு அருகில் நிலைபெறும். பதின்ம வயது முழுவதும் இந்நிகழ்வு மெல்ல நடைபெறுவதுண்டு. சிலருக்கு அது முழுமை பெறாது நின்றுவிடும். அப்போது உள்ளே நீளமாக இருக்கும் பல், வெளியே குட்டையாகவும் சதுரமாகவும் தோன்றும். மேல் முன்பல்லின் வெளித்தெரியும் நீளம் பெரும்பாலும் 10 முதல் 11 மி.மீ. இருக்கும், அதன் அகலம் நீளத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு முதல் ஐந்தில் நான்கு பங்கு வரை அமையும். அகலமும் நீளமும் ஒத்துத் தோன்றினால் இக்காரணத்தை ஐயுறலாம்.

மூன்றாவது, இதழின் இயல்பு. மூக்கின் அடியிலிருந்து மேலிதழின் விளிம்பு வரை உள்ள நீளம் வளர்ந்த பெண்களுக்கு 20 முதல் 22 மி.மீ., ஆண்களுக்கு 22 முதல் 24 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. இதனினும் குட்டையாக இதழ் அமைந்தால் ஈறு தெரியும். நீளம் போதிய அளவு இருந்தும், அதனை உயர்த்தும் தசைகள் வலுவாக இழுத்தாலும் அவ்வாறே நேரும். சிரிக்கும்போது இதழ் 6 முதல் 8 மி.மீ. வரை உயர்வது இயல்பு. சிலர்க்கு அதனினும் மிக உயர்கிறது.

நான்காவது, மேல் முன்பற்கள் தம்மைச் சூழ்ந்த எலும்போடும் ஈற்றோடும் கீழ்நோக்கி இறங்கிவிடுதல். மேற்பற்கள் கீழ்ப்பற்களை ஆழமாக மூடும் கடிநிலையில் இதனைக் காணலாம். பல் தேய்ந்துகொண்டே போகும்போது, தேய்மானத்தை ஈடுசெய்ய அது மெல்ல இறங்குவதும் உண்டு.

ஐந்தாவது, மேல்தாடை எலும்பு செங்குத்தாக மிகுந்து வளர்தல். இத்தகையோர்க்கு முகத்தின் கீழ்ப்பகுதி நீண்டிருக்கும். வாளாவிருக்கும்போதும் இதழ்கள் பொருந்தாமல் நிற்கும்.

இவற்றுள் இரண்டு மூன்று ஒருவரிடமே கூடி வருதலும் உண்டு. எத்துப்பல்லையும் இதனையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது. எத்துப்பல் முன்னோக்கித் துருத்துவது. இங்குப் பேசப்படுவது மேல்கீழ் அளவைப் பற்றியது.

4. காரணத்துக்கேற்ற சிகிச்சை

ஈற்று வீக்கமே காரணமாயின் முதற்சிகிச்சை எளியது: படிந்து இறுகிய காரையை மருத்துவர் நீக்குதலும், நாள்தோறும் இருவேளை முறையாகத் துலக்குதலும், பல்லிடுக்குகளைத் தூய்மை செய்தலுமே. வீக்கம் வடிந்தபின் எஞ்சுவது எவ்வளவு என்பதைப் பார்த்தே அடுத்த முடிவு எடுக்கப்படும்.

ஈறு பின்வாங்காமை காரணமாயின், மிகுதியாக உள்ள ஈற்றைச் சீவி நீக்கலாம். இங்கு ஓர் உடற்கூற்று விதி உண்டு. எலும்பின் விளிம்புக்கும் ஈற்றின் விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 3 மி.மீ. அளவுள்ள மென்திசு வேண்டும் என்று உடல் வரையறுத்து வைத்துள்ளது. எலும்பு பல்லின் மேல் தாழ இருந்தால், ஈற்றை மட்டும் வெட்டினாலும் அது மீண்டும் வளர்ந்து பழைய இடத்தை அடையும். அத்தகையோர்க்கு ஈற்றைத் திறந்து எலும்பின் விளிம்பையும் சிறிது செதுக்க வேண்டியிருக்கும். "வெட்டினார்கள், திரும்ப வளர்ந்துவிட்டது" என்னும் முறையீட்டுக்குப் பெரும்பாலும் இவ்விதியே விடையாகும். வெட்டிய எலும்பு மீண்டும் வாராது என்பதையும், பல்லின் வேர்ப்பகுதி வெளிப்பட்டால் கூச்சம் உண்டாகும் என்பதையும் மறத்தலாகாது.

பற்கள் இறங்கியமை காரணமாயின், கம்பி கொண்டு அவற்றை மேல்நோக்கி நகர்த்தலாம். தாடை எலும்பில் சிறு திருகாணிகளைத் தற்காலிகமாகப் பொருத்தி, அவற்றைப் பிடிமானமாகக் கொண்டு இழுக்கும் முறை இன்று வழக்கில் உள்ளது.

தாடை எலும்பின் மிகைவளர்ச்சியே காரணமாயின், மேல்தாடையை அறுத்து உயர்த்திப் பொருத்தும் பெரிய அறுவை மட்டுமே அடிப்படைத் தீர்வு. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர் முக எலும்புகள் முறியும் கோடுகளை ஆராய்ந்து 1901இல் வெளியிட்டார். அக்கோடுகளுள் முதலாவதை ஒட்டி அறுப்பதால் இவ்வறுவை அவர் பெயரால் வழங்குகிறது. முழு மயக்கம், மருத்துவமனைத் தங்கல், முன்னும் பின்னும் கம்பிச் சிகிச்சை ஆகியன இதற்கு வேண்டும். இதழிலும் கன்னத்திலும் மரப்பு சில காலம் நீடிக்கலாம். எலும்பு வளர்ச்சி முற்றுப்பெறாத பிள்ளைகளுக்கு இது பொதுவாகச் செய்யப்படுவதில்லை.

இதழின் மிகை இயக்கத்துக்கு இரு வழிகள் உள. ஒன்று, பொட்டுலினம் நச்சினை மிகச் சிறிய அளவில் இதழுயர்த்தும் தசைகளில் செலுத்துதல். சில நாள்களில் பயன் தெரியும். 3 முதல் 6 மாதங்களில் மறையும். அளவோ இடமோ தவறினால் சிரிப்பு கோணும். ஆயினும் அக்கோணலும் மருந்தின் ஆற்றலோடு நீங்கிவிடும். மற்றொன்று, மேலிதழின் உட்புறச் சவ்வில் ஒரு பட்டையை நீக்கி, இதழ் உயர்வதைக் கட்டுப்படுத்தும் அறுவை. 1973இல் முதன்முதல் விவரிக்கப்பட்ட இம்முறையில், சிலருக்குக் காலப்போக்கில் பழைய நிலை திரும்புவதும் உண்டு.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு முறைமை புலப்படும். வீக்கத்தைத் தணித்தல், காத்திருத்தல் ஆகியவற்றால் எவ்வித இழப்பும் இல்லை. ஊசியின் விளைவு தற்காலிகமானது. வெட்டுதலும் அறுத்தலும் மீட்க இயலாதவை. எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதலே அறிவுடைமை. சிகிச்சை ஒன்றும் வேண்டாம் என்பதும் இவ்வரிசையில் முறையான ஒரு முடிவே.

5. வாயும் ஒலியும்

மொழியாசிரியர்க்கு இப்பொருளில் தனி அக்கறை உண்டு. தொல்காப்பியரின் பிறப்பியல், பகர மகரங்கள் இரு இதழும் இயைவதால் பிறக்கின்றன என்றும், வகரம் பல்லும் இதழும் இயைவதால் பிறக்கின்றது என்றும், தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நாநுனி ஒற்றப் பிறக்கின்றன என்றும் கூறுகிறது. ஆக, பல்லும் ஈறும் இதழும் கூடும் சிறிய இடத்திலேயே தமிழின் பல ஒலிகள் உருவாகின்றன. மேல்தாடை மிக நீண்ட பிள்ளை 'அம்மா' என்பதற்கும் மோவாய்த் தசையை இறுக்கி இதழைச் சேர்க்க வேண்டியிருக்கலாம். அதனைக் கவனக்குறைவு என்று கடிதல் முறையன்று.

கையால் வாயை மூடிப் பேசும் பிள்ளைக்கோ உறுப்பில் தடையே இராது. ஒலி கையில் பட்டு மழுங்குகிறது. இதழசைவும் கேட்போர்க்கு மறைகிறது. வாய்மொழித் தேர்வில் 'தெளிவின்மை' என்று மதிப்பெண் குறையும். நாம் கண்ட மாணவிக்கு நேர்ந்ததும் அதுவே. அவளுக்கு உச்சரிப்புப் பயிற்சி தேவைப்படவில்லை. நாணம் நீங்குவதே தேவையாயிருந்தது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதலாகச் சொல்கிறது. ஒரு பிள்ளையின் சிரிப்பு பிறர் எள்ளலுக்குக் களனாகாமல் காத்தல் ஆசிரியர் கடமையாகும்.

6. இங்குச் செல்ல வேண்டிய வழி

சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பல் மருத்துவச் சேவை உண்டு. ஈற்று வீக்கத்தை முதலில் கண்டறியத்தக்க இடம் அது. பெரியோர் பல் மருத்துவப் பிரிவுள்ள பலதுறை மருந்தகங்களை நாடலாம். சிறப்புச் சிகிச்சை தேவைப்படின், 1997இல் தொடங்கப்பெற்ற தேசியப் பல் மருத்துவ நிலையம் போன்ற இடங்களுக்கு அங்கிருந்தே பரிந்துரை பெறலாம். மருத்துவக் காரணத்தால் தேவைப்படும் பல் அறுவைக்கு மெடிசேவ் சேமிப்பைப் பயன்படுத்தலாம். அழகுக்காக மட்டும் செய்துகொள்வதற்கு அது உதவாது. ஆகவே செலவு பற்றிய பேச்சும் காரணம் அறிந்தபின் நிகழ வேண்டியதே.

மருத்துவரிடம் கேட்கத்தக்க வினாக்கள் நான்கு: என் ஈறு தெரிவதற்குக் காரணம் ஈறா, பல்லா, இதழா, எலும்பா? இச்சிகிச்சையின் பயன் எத்துணைக் காலம் நிற்கும்? விளைவு பிடிக்காவிடின் மீட்க இயலுமா? இப்போது செய்யாமல் சில ஆண்டுகள் பொறுத்தால் ஏதேனும் கேடுண்டா? இவற்றைத் தமிழில் எழுதி எடுத்துச் செல்லலாம். மொழிபெயர்த்துக் கூறத் துணைக்குச் செல்லும் இளையோர், 'ஈறு', 'முரசு', 'எகிறு' என்று தம் வீட்டுப் பெரியோர் எச்சொல்லை வழங்குகின்றனர் என்பதை முன்னரே கேட்டறிந்து செல்லுதல் நன்று.

தொடக்கத்தில் குறித்த மாணவியின் செய்தியைக் கூறி முடிக்கிறோம். அவள் பற்களில் கம்பி அணிந்திருந்தாள். ஈறு சிவந்து தடித்திருந்தது. பலதுறை மருந்தகத்துப் பல் மருத்துவர் காரை நீக்கி, கம்பியைச் சுற்றித் துலக்கும் முறையைக் கற்பித்து, சில வாரம் கழித்து வரச் சொன்னார். வீக்கம் பெரும்பாலும் வடிந்தது. குருதிக் கசிவும் நின்றது. எஞ்சிய ஈறு இன்றும் சிறிது தெரிகிறது. அது அவள் தாயிடமும் பாட்டியிடமும் உள்ள அதே சிரிப்பு. வளர்ச்சி முற்றுப்பெறும் வரை வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று மருத்துவர் கூற, அவளும் இசைந்தாள். அவ்வாண்டு வாய்மொழித் தேர்வுக்கு அவளோடு இருமுறை பேசிப் பயிற்சி செய்தோம். முதல்முறை அவள் கை வாயருகே இருந்தது. இரண்டாம் முறை மேசைமேல் இருந்தது. தன்மாற்றம் அவ்வளவே. ஆயினும் மகர ஒலியும் பகர ஒலியும் நமக்குத் தெளிவாகக் கேட்டன.